சிக்கலில்லா மையமும் ஒற்றைச் செருப்பும்

பிரேக் மாஸ்டரின் வலதுகால் செருப்புக்கு அவரோடு குடித்தனம் நடத்தப் பிடிக்கவில்லை. பால்கடைக்குப் போனால் பால்கடையில் தங்கிவிடும். வங்கிக்குப் போனால் வங்கி வாசற்படியில் உட்கார்ந்துவிடும். மாஸ்டர் பாட்டுக்கு ஒரு காலில் செருப்பும் மறு காலில் தெருப்புழுதியுமாக வீடு வந்து சேர்வார். பின்னாலேயே யாராவது மற்றொன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், மாஸ்டர்" என்று மூச்சிரைக்க ஓடிவருவார்கள்.

"ஏங்க, கழண்டு விழுந்ததுகூடவா தெரியல?" என்பாள் மனைவி.

"லூசு செருப்பு."

"இதுக்கு முன்னாடி வாங்கினதையும் இப்படித்தான் சொன்னீங்க. ஊர்ல இருக்கற செருப்பு பூரா லூசு, உங்க ஒரு கால்தான் தெளிவு!"

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர் வண்டியை ஓட்ட, இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எத்தனையோ பேருடைய பதற்றத்தை அந்த ஒரு பிரேக்கால் அடக்கியவர் என்பதால்தான் அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலோடு சரி.

சர்க்கரை நோய் அவரிடம் குடிவந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வாடகை தராத குடித்தனக்காரரைப் போல, அதுவும் சத்தம் போடுவதில்லை, மாஸ்டரும் கண்டுகொள்வதில்லை. இந்த நிலையில்தான் போக்குவரத்து அலுவலகம் ஓர் உத்தரவு போட்டது. சர்க்கரை உள்ள பயிற்சியாளர்கள், தங்கள் காலுக்கு உணர்ச்சியும் கண்ணுக்குப் பார்வையும் இருப்பதாக மையத்தில் சான்று வாங்கி வரவேண்டும். சான்று இல்லையென்றால் பிரேக்கில் கால் வைக்கக் கூடாது. பிரேக் இல்லாத பிரேக் மாஸ்டரை யார் மதிப்பார்கள்? அடுப்பு எரிவதே அந்த பிரேக்கால்தான்.

மையம் என்றால் ஏதோ சாதாரண இடம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில், குளுகுளுவென்று ஒரு மாடி முழுக்க அதுதான். 'சிக்கலில்லா நீரிழிவு மையம்' என்று வாசலில் பித்தளை எழுத்துகள். தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அங்கே ஒரு நோயாளிக்குக்கூடக் காலிலோ கண்ணிலோ சிக்கல் கண்டுபிடிக்கப்படவில்லை. இந்தச் சாதனைக்காக அதன் இயக்குநர் வெளியூர் மாநாடுகளுக்கெல்லாம் போய்ப் பேசிவிட்டு வருவார்.

"மத்த ஆஸ்பத்திரிகள்ல சிக்கலைப் பார்த்துப் பார்த்து வைத்தியம் செய்யறாங்க," என்பார் மேடையில். "நம்ம கொள்கையே வேற. நாம சிக்கலைப் பார்க்கறதே இல்ல!"

கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

மாஸ்டர் உள்ளே நுழையும்போதே காவலாளி மறித்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"கால் கொஞ்சம் மரத்துப்போ…"

"ஐயா, ஐயா!" காவலாளி அக்கம்பக்கம் பார்த்தார். "அந்த வார்த்தைக்கு உள்ள அனுமதி இல்ல. 'கால் அமைதியா இருக்கு'ன்னு சொல்லணும்."

"சரி. சில சமயம் எரியுது."

"'உற்சாகமா இருக்கு'."

"ஊசி ஊசியாக் குத்துது?"

"'பேசுது'. சுவத்துல எழுதியிருக்கு பாருங்க."

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மாஸ்டர் அதை மனப்பாடம் செய்துகொண்டு வரிசையில் உட்கார்ந்தார். முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் சிஸ்டரிடம் அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ராத்திரி பூரா ரெண்டு காலும் ஒரே உற்சாகம்மா. விடிய விடியப் பேசுது. பொட்டுத் தூக்கமில்ல."

"ரொம்ப சந்தோஷம்," என்று எழுதிக்கொண்டார் சிஸ்டர்.

அந்தப் பிரிவில் அவருக்குக் கால் சிஸ்டர் என்று பெயர். கையில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாதத்தில் அங்கங்கே இழையால் தொடுவார். தொட்டது தெரிந்தால் "ம்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

இங்கேதான் மாஸ்டருக்குப் புத்தி தடம் மாறியது. மருத்துவச் சோதனை என்றால் நோயைச் சொல்ல வந்த இடம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். மாஸ்டருக்கோ சோதனை என்றாலே தேர்வு, தேர்வு என்றாலே தேற வேண்டியது. லைசென்ஸ் தேர்வில் மாணவர்களைத் தேறவைத்தே தலை நரைத்தவர் அவர். "ரோட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி அதிகாரி மூஞ்சியைப் பாரு," என்பதுதான் அவருடைய முதல் பாடம். "அவர் தாடை எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கம் திருப்பு."

ஆகவே, கண்ணை மூடச் சொன்னபோது முக்கால்வாசிதான் மூடினார். இமையின் இடுக்கு வழியே பார்த்தால், தொடும்போதெல்லாம் கால் சிஸ்டர் விளக்கை ஊதுகிறவரைப் போல உதட்டைக் குவிப்பது தெரிந்தது.

குவிந்தது உதடு. "ம்," என்றார் மாஸ்டர்.

மறுபடி குவிந்தது. "ம்."

ஓரிடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து, யோசித்து, "ம்… ஆமா," என்றார். ஒரேயடியாகச் சரியாகச் சொன்னால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும் என்பது இரண்டாவது பாடம்.

"அபாரம்!" என்றார் கால் சிஸ்டர். "இப்படி ஒரு பாதத்தை நான் பார்த்ததே இல்ல." இயக்குநருக்குச் சொல்லியனுப்பினார். அவர் வந்து அந்த உள்ளங்காலைக் குனிந்து பார்த்து ரசித்துவிட்டு, படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்தது கண். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகை மாஸ்டருக்கு நிஜமாகவே தெரிந்தது. போதாக்குறைக்கு, வரிசையில் முன்னால் நின்றவர்கள் அதை உரக்கப் படிக்கப் படிக்க மனப்பாடமும் ஆகியிருந்தது. கடைசி வரியைத் தலைகீழாகவே சொல்லிக் காட்டினார். கண் டாக்டர் சிரிக்கவில்லை. இளவயதுப் பெண். ஓயாமல் தலையசைத்துத் தலையசைத்துக் கழுத்து நொந்தவர் போல இருந்தார்.

"இது முன்பக்கம் சார். உங்க கண்ணோட பின்பக்கத்தைப் பார்க்கணும். சுகர் அங்கதான் முதல்ல கை வைக்கும். ஆரம்பத்துல பார்வை நல்லாத்தான் இருக்கும், ஒண்ணும் தெரியாது. தெரியறப்போ நேரம் போயிருக்கும்."

"பாருங்களேன்."

டாக்டர் மூலையைக் காட்டினார். கண்ணுக்குள் படம் எடுக்கும் இயந்திரம் அங்கே புத்தம்புதிதாக நின்றது. அதைச் சுற்றிக் கல்யாணப் பெண்ணுக்குக் கட்டியதுபோல ஒரு சிவப்பு ரிப்பன்.

"சிறப்பு விருந்தினர் வந்து வெட்டினாத்தான் தொடலாம். வர்றேன்னு சொல்லுவார், தேதி தள்ளிப்போகும். நான் தினமும் தூசி தட்டறேன்."

"அவிழ்த்துட்டுப் பார்த்துட்டு, திரும்பக் கட்டிடக் கூடாதா?"

"நானும் கேட்டேன். கண்ணியக் குறைவுன்னுட்டாங்க."

இதைக் கேட்டபடி வந்த இயக்குநர் முகம் சுளித்தார். "என்ன டாக்டரம்மா, கண்ணு நல்லாத் தெரியற மனுஷனைப் போய் பயமுறுத்தறீங்க? நம்ம விதி என்ன? பார்வை நல்லா இருக்கறவங்க கண் பிரிவுக்கு வர வேண்டிய அவசியம் இல்ல. பார்வை போனவங்க வந்தா, ஏன் முன்னாடியே வரலன்னு கண்டிப்போம். இதுல எங்க இடைவெளி இருக்கு, சொல்லுங்க?"

டாக்டர் தூசி தட்டப் போனார். மாஸ்டர் சான்றோடு வீட்டுக்குப் பறந்தார்.

"பாஸாயிட்டேன்!"

"எதுல?"

"கால்ல."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இறங்கிய பார்வை இறங்கிய இடத்திலேயே நின்றது. "கால்ல பாஸான மகராசன், செருப்பை எங்க விட்டீங்க?"

அது கால் சிஸ்டரின் கட்டிலடியில் கிடந்தது.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்போது அவரிடம் ஒரு சலூன்காரர் கார் கற்றுக்கொண்டிருந்தார். கை சுத்தம், கவனமும் உண்டு. ஆனால் கவனம் முழுக்கத் தெருவில் போகிறவர்களின் தலைமேல். அன்று நடைபாதையில் ஒருவர் ஒரு பக்கக் கிருதா உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் போய்க்கொண்டிருந்தார்.

"எவன் வெட்டிவிட்டான் பாருங்க மாஸ்டர், கொலைகாரப் பாவி!" என்று சலூன்காரர் கழுத்தைத் திருப்ப, கார் அந்தப் பக்கமே திரும்பியது.

மாஸ்டர் பதறவில்லை. எத்தனை பார்த்திருக்கிறார்! காலை ஓங்கி அழுத்தினார். கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். பல்லைக் கடித்து, இருக்கையிலிருந்து எழும்பி, உடம்பின் கனம் முழுவதையும் இறக்கி அழுத்தினார். கார் நிதானமாக நடைபாதையில் ஏறி, ஒரு மரச்சாமான் கடை வாசலில் போட்டிருந்த சோபாவில் மூக்கைப் புதைத்து, அசதியில் சாய்ந்தது போல நின்றது.

"மாஸ்டர், பிரேக் போடலையா?"

"முழுசா அமுக்கிக்கிட்டுதானே இருக்கேன்! கண்ணு தெரியலையா உனக்கு?"

சலூன்காரர் குனிந்து பார்த்தார். மாஸ்டர் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். பிரேக்கை அல்ல. பிரேக்குக்குப் பக்கத்தில் கழன்று கிடந்த தன் செருப்பை.

கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். திட்டுவார் என்று பார்த்தால், வாய் குழறியது. "இப்பத்தான்… ஒரு அம்மா கைக்குழந்தையோட இதுல உக்காந்து பார்த்துட்டு எழுந்து போனாங்க. இப்பத்தான்."

அன்று மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இமை இடுக்கையும் சொன்னார், சிஸ்டரின் உதட்டையும் சொன்னார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.  திரும்பி வந்து, "காப்பியடிக்கறதுக்கு வேற பரீட்சையே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றாள். "நாளைக்கே போங்க. போய் ஃபெயிலாயிட்டு வாங்க."

ஃபெயிலாவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

"ஒரு தடவை தேறினவங்களைத் திரும்பச் சோதிக்கற வழக்கம் இல்லையே," என்றார் கால் சிஸ்டர்.

"சிஸ்டர், நான் உங்க உதட்டைப் பார்த்துதான் சொன்னேன்."

கால் சிஸ்டர் முகம் சிவந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வயசுக்குத் தகுந்த மாதிரி பேசுங்க," என்று எழுந்து போய்விட்டார்.

இயக்குநர் அறையில் வேறு மாதிரி நடந்தது.

"சார், என் காலுக்கு உணர்ச்சி இல்ல."

"இதுதான் தன்னடக்கம்கறது!" என்று இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "உங்களை மாதிரி ஆளைத்தான் ஆண்டுவிழாவுக்குத் தேடிட்டிருந்தேன். சிறப்பு விருந்தினர் இந்த தடவை கட்டாயம் வர்றார். ரிப்பன் வெட்டறார். அதுக்கு முன்னாடி மேடையில உங்க காலைச் சோதிச்சுக் காட்டறோம். 'முன்மாதிரிப் பாதம்' விருது உங்களுக்குத்தான்."

"தெரியலைங்கறேன் சார்!"

"மேடையில தெரியும். கூட்டம் வந்தா எல்லாம் தெரியும். வெளிய பேனரைப் பார்க்கலையா?"

வெளியே வந்து பார்த்தால், கட்டடத்தின் நெற்றியில் ஒரு மாடி உயரத்துக்கு மாஸ்டரின் உள்ளங்கால். அதன்கீழே 'எங்கள் பெருமை' என்று எழுதியிருந்தது. தகவல் கேள்விப்பட்டுப் பார்க்க வந்த சலூன்காரர் அண்ணாந்தபடி நின்றார்.

"என்ன மாஸ்டர், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நகத்தையாவது திருத்திவிட்டிருப்பேனே?"

மனைவிதான் வழி சொன்னாள். "அறைக்குள்ள சொன்னா தன்னடக்கம்கறான். மைக்ல சொல்லுங்க, என்னங்கறான்னு பார்ப்போம். அந்த மெஷின் ரிப்பனும் அன்னைக்குத்தானே அவிழுது? உங்க கண்ணைப் பார்க்காம நான் அந்த இடத்தை விட்டு நகரப் போறதில்ல."

ஆண்டுவிழா நாளில் அரங்கு நிரம்பி வழிந்தது. மேடையின் ஓரத்தில் அந்த இயந்திரமும் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில், பட்டுத்துணியின்மேல் வெள்ளிக் கத்தரிக்கோல். சிறப்பு விருந்தினர் வழியில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர் எப்போதும் வழியில்தான் இருப்பார். அதுவரை கூட்டத்தைக் கட்டிப்போட இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"சிலர் கேக்கறாங்க, உங்க மையத்துல ஏன் யாருக்குமே நோய் முத்தறதில்லன்னு. முத்தினவங்க இங்க வர்றதில்லைங்க! நேரா அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போயிடறாங்க. அது நமக்கு அடுத்த கட்டடம். நம்ம கணக்குல வராது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு மாஸ்டரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள், அதாவது கழன்று கிடந்ததை எடுத்து ஓரமாக வைத்தார்கள். கால் சிஸ்டர் இழையோடு குனிந்தார். மாஸ்டர் முதல் வரிசையில் இருந்த மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். இந்த முறை முழுசாக.

உள்ளே ஒரே இருட்டு. காத்திருந்தார். விசிறி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். காலிலிருந்து தந்தியும் இல்லை, தபாலும் இல்லை.

"ஆரம்பிக்கலாம் சிஸ்டர்," என்றார்.

"முடிச்சுட்டேன்," என்று கிசுகிசுத்தார் கால் சிஸ்டர்.

காலுக்கு உணர்ச்சி இல்லை என்று தெரிந்துதான் வந்திருந்தார். இருந்தும், தன் கால் தன்னை விட்டு இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒண்ணுமே தெரியல. கால் மரத்துப்போச்சு."

தடைசெய்யப்பட்ட சொல் ஒலிபெருக்கி வழியாகப் போய்க் கடைசி வரிசைச் சுவரில் முட்டித் திரும்பியது. வாசலில் நின்ற காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு குரல், "எனக்குந்தாம்பா," என்றது. இரவெல்லாம் கால் பேசும் பெரியவர்தான்.

இயக்குநர் சிரித்தார். பழக்கப்பட்டவர். "மேடைக் கூச்சம்! பாவம், சாதாரண மனுஷர்தானே. சோதனைங்கறது எவ்வளவு எளிமைன்னு நானே காட்டறேன். எனக்கும் சுகர்தான், தெரியுமா உங்களுக்கு? இந்த மையத்தோட முதல் நோயாளியே நான்தான்!"

பளபளக்கும் கறுப்பு ஷூவிலிருந்து வலது காலை உருவி, சாக்ஸையும் கழற்றிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். பாவம், தேர்வில் பார்த்தெழுதத் தெரியாத மனிதர்.

கால் சிஸ்டர் உதட்டைக் குவித்தார். இழை கட்டைவிரலைத் தொட்டு வளைந்தது. இயக்குநர் புன்னகையோடு இருந்தார். இழை நடுப்பாதத்தைத் தொட்டது. புன்னகை அப்படியே இருந்தது.

அப்போது மாஸ்டருடைய ஆள்காட்டி விரல் தானாக எழுந்தது. லைசென்ஸ் தேர்வில் மாணவன் திணறினால், அதிகாரிக்குக் கேட்காமல் கதவில் ஒரு தட்டு தட்டுவார். அவன் பிழைத்துக்கொள்வான். வாழ்நாள் பழக்கம். இப்போதும் நாற்காலிக் கைப்பிடியில் ஒரு தட்டு தட்டினால் போதும். இயக்குநர் புத்திசாலி, பிடித்துக்கொள்வார். "ம்" என்பார். கூட்டம் கைதட்டும். சான்று செல்லும், பிரேக்கும் பிழைக்கும், அடுப்பும் எரியும்.

முதல் வரிசையில் மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன சிஸ்டர், இழையைத் தொலைச்சுட்டீங்களா?" என்றார் இயக்குநர். "ஆரம்பிங்க. மக்கள் காத்திருக்காங்க."

"சார்… கட்டைவிரல் ஆச்சு. குதிகாலும் ஆச்சு. இப்பவும் தொட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன்."

இயக்குநர் கண்ணைத் திறந்தார். தன் உள்ளங்காலில் வளைந்து நின்ற இழையை யாருடைய காலிலோ இருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார். அரங்கில் ஒரு பொட்டுச் சத்தமில்லை. எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள்.

"மைக்கை அணைங்க," என்று அவர் சொன்னது மைக்கில் கேட்டது. பிறகு கண் டாக்டரைத் தேடிப் பிடித்து, சின்னப் பிள்ளையின் குரலில், "டாக்டரம்மா, அப்போ என் கண்ணு?" என்று கேட்டதும் கேட்டது.

"பார்த்தாத்தான் சார் தெரியும்."

"பாருங்க!"

"ரிப்பன் சார்."

இயக்குநர் வெறுங்காலோடு எழுந்தார். பட்டுத்துணியிலிருந்த வெள்ளிக் கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு. யாரும் கைதட்டவில்லை. கைதட்டலைத் தொடங்கிவைக்கும் பொறுப்பில் இருந்தவர் சிறப்பு விருந்தினரை வரவேற்க வாசலுக்குப் போயிருந்தார்.

கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்தைப் போட்டு, இருவரையும் பக்கத்து நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். செருப்பும் ஷூவும் காலடியில் கொண்டுவந்து வைக்கப்பட்டன. உலகம் மெல்ல மெல்லக் கரைந்து பஞ்சாயிற்று.

"மாஸ்டர்," என்றார் இயக்குநர், பஞ்சைப் பார்த்து. "அன்னைக்கு எப்படித்தான் தேறினீங்க?"

"கண்ணை மூடச் சொன்னா முழுசா மூடக் கூடாது சார்."

இயக்குநர் யோசித்தார். "நான் மையம் தொடங்கினதுலேர்ந்து முழுசா மூடிட்டேன்," என்றார். பிறகு பழக்கதோஷத்தில் குரலை உயர்த்தி, "யாராவது இருக்கீங்களா? 'மரத்துப்போச்சு'ங்கற வார்த்தைக்குத் தடை நீக்கியாச்சுன்னு எழுதிக்கோங்க. இப்போதைக்கு இயக்குநருக்கு மட்டும்."

படம் எடுத்து முடித்த கண் டாக்டர் இருவரையும் சேர்த்தே நிறுத்திச் சொன்னார். அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடிந்தது, ஆனால் பார்க்க வேண்டிய இருவருக்கும் அப்போது கண் தெரியவில்லை. "ரெண்டு பேருக்குமே ஆரம்பம்தான். பின்பக்கத்துல புள்ளி புள்ளியா ரத்தக் கசிவு. இப்பவே பிடிச்சுட்டோம். சுகரையும் பிரஷரையும் கட்டுக்குள்ள வச்சு, சொல்றப்போ தவறாம வந்தா பார்வையைக் காப்பாத்திடலாம். கால்ல போன உணர்ச்சி திரும்பும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இனிமே கால் உங்களுக்குச் சேதி சொல்லாது. நீங்கதான் தினமும் குனிஞ்சு பார்த்து விசாரிக்கணும்."

"பிரேக்?" என்றார் மாஸ்டர்.

"அதுல நீங்க கால் வைக்கவே கூடாது சார்."

 மனைவி அவர் தோளைத் தட்டினாள். "நீங்க முதமுதல்ல ஓட்டச் சொல்லிக்கொடுத்தது யாருக்கு? எனக்குத்தானே. பயிற்சியாளர் லைசென்ஸுக்கு நான் எழுதறேன். என் கால் நல்லாத்தான் இருக்கு. தட்டிக் கிட்டிக் காட்ட வேணாம், நானே பாஸாயிக்குவேன்."

வாசலில் சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியிருந்தார். வெட்டுவதற்கு ரிப்பன் இல்லை என்று தெரிந்ததும் பெரிய குழப்பம். கடைசியில், ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த லிஃப்டுக்கு ஒரு ரிப்பன் கட்டி வெட்டச் சொன்னார்கள். உள்ளே மாட்டிக்கொண்டிருந்த நோயாளிகள் கைதட்டினார்கள்.

காரைச் சலூன்காரர் ஓட்டினார். பக்கத்து இருக்கையில், இரண்டாவது பிரேக்கில் காலை வைத்து மனைவி. பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு மாஸ்டர், வாழ்க்கையில் முதல்முறையாகப் பயணியாக.

"அந்த ஆள் தலையைப் பாருங்கம்மா, எவனோ…" என்று சலூன்காரர் திரும்பினார்.

கார் சடக்கென்று நின்றது. மாஸ்டரின் நெற்றி முன்னிருக்கையில் மோதியது. "இதைத்தான் பிரேக்குங்கறது," என்றார் அவர், நெற்றியைத் தடவிக்கொண்டே, குரலில் பெருமையாகவும் இருந்தது, வேறு ஏதோவாகவும் இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி வழக்கம்போலக் கேட்டாள்: "செருப்பு?"

"ரெண்டும் கால்லதான் இருக்கு," என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். டாக்டர் சொன்னது நினைவு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மங்கல் விலகத் தொடங்கியிருந்த கண்ணைச் சுருக்கி, தன் பாதங்களை முதல்முறையாக முறைப்படி விசாரித்தார்.

இடது காலில் அவருடைய பழைய செருப்பு இருந்தது. வலது காலில், பளபளவென்று, இயக்குநரின் கறுப்பு ஷூ.

அதே நேரத்தில் அரங்கில், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் தேய்ந்த செருப்புமாக நின்று, இயக்குநர் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தார். கீழே இருந்த யாரும் எதுவும் சொல்லவில்லை.